சாமி அறைக்கு ஒரு சுவர்

இல்லை பிள்ளை, கேம் இல்லை. வீட்டுப் பிளான் கீறுற சொஃப்ட்வெயர், உங்கட கொம்பியூட்டர் கடையில இருக்கோ? சிரியும், சிரியும், ஓட்டோ ஓடுற மனுசனுக்கு உது என்னத்துக்கெண்டுதானே? ஸ்டாண்டில ஹயர் இல்லாத நேரம் மற்றவங்கள் கடதாசி விளையாடுவாங்கள், நான் கலண்டர் தாளுக்குப் பின்பக்கம் வீடு கீறுவன். எத்தினை வீடு கீறியாச்சு. ஒண்டுக்கும் கூரை இல்லை, எனக்குக் கூரை வராது.

எவ்வளவு? மாசாமாசமோ? அதுவும் டொலரில? பிள்ளை, நான் வீட்டைக் கீறத்தான் போறன், அமெரிக்காவில வாங்கப் போகேல்ல. எங்கட மேல்மாடிச் சாந்தன், எஞ்சினியர், அவரும் உதைத்தான் சொன்னவர். கதைச்சுக் காட்டட்டே? மூக்கால வரும் பாரும். பெஸ்ட் எண்டா உதுதான் அண்ணை, புரொபஷனல்ஸ் எல்லாம் உதுதான். புரொபஷனலாம்! அந்தாள் பிளான் போட்ட குளியலறைக் கதவு அரைவாசிதான் திறக்கும். வயித்தை எக்கிக்கொண்டுதான் மனுசன் குளிக்கப் போறது.

ஃபோனில சும்மா கிடைக்கிறதோ? அதையும் பாத்தனான். பணக்காரச் சாமான் அது, எங்க விரலை வைச்சாலும் ஒரு பியானோ போடுது. எங்கட ஹோலில பியானோ வைச்சா நான் லிஃப்டுக்குள்ளதான் படுக்கோணும்.

இருக்கிற ஃப்ளாட்டைத்தான் கீறோணும். வெள்ளவத்தை ஃப்ளாட்டுகள் தெரியும்தானே, எந்தச் சுவருக்கு அங்காலயும் ரொய்லெற். என்ர சாமித்தட்டும் அப்பிடித்தான். அங்கால ஆரும் தண்ணியை இழுத்தா இஞ்சால பிள்ளையாற்ற விளக்கு நடுங்கும். எனக்குப் பிரச்சினை இல்லை, பிள்ளையாரும் ஒண்டும் சொல்லேல்ல. கொட்டாஞ்சேனையில சரோஜினிதேவி எண்டு ஒரு ஆள், அவவுக்குத்தான் பிரச்சினை. வந்து பாத்திட்டு, ஊத்தின தேத்தண்ணியும் குடிக்கேல்ல. சாமியை உதில வைச்சா நான் இந்த வீட்டில வந்து இருக்கமாட்டன், கிழக்கால சுவர் எழுப்பி அறை ஒண்டு போடுங்கோ, முதல்ல பிளானைக் காட்டுங்கோ, பாத்திட்டுச் சொல்லுறன். இதே குரல்தான் பிள்ளை, கண்ணும் இப்பிடித்தான் உருளும். மாநகரசபையில கூட உவ்வளவு கேக்கமாட்டாங்கள்.

கலண்டர் தாளில கீறிக் கொண்டு போனன். கண்ணாடியைப் போட்டுப் பாத்திட்டு, எல்லாம் வடிவு, வீட்டுக்குள்ள போறது எதால எண்டு கேட்டா. கதவு கீற மறந்துபோனன். பிறகு ஒரு ட்ரையல் சொஃப்ட்வெயரில சாந்தன் கீறித் தந்தார். பிரிண்ட் எடுத்தா சாமி அறைக்குக் குறுக்கால, பெரிய எழுத்தில, சாம்பிள்! சாமியும் சாம்பிளோ எண்டு திருப்பி என்ர கையில தந்திட்டா. இந்தமுறையும் பிழைச்சா இனி வரவேண்டாமாம்.

உதோ? முழுக்க இலவசமோ? பிரிண்டில ஒண்டும் விழாதோ? இங்கிலீஷெண்டாப் பரவாயில்லை, நான் எட்டாம் வகுப்போட ஓடி வந்தனான், படத்தைப் பாத்து அமத்துவன். ஏத்திவிடும்.

இப்பவே கீறுறீரோ? நல்ல பிள்ளை. முதல்ல கதவைப் போடும். கிழக்கு உது இல்லை, உது கடல் பக்கம். கடலுக்கு எதிர்ப்பக்கம், கோல் ரோட் பக்கமா வாரும். ஆ, அதில சுவர். பிள்ளையார் இஞ்சால. குசினி ஜன்னலைப் பெரிசாக்கும், அதுவும் சொன்னவ.

படுக்கிற அறையில கட்டிலோ? எத்தினையெண்டு... அதை நான் கேக்கேல்ல பிள்ளை. சுவிட்சு எந்தப் பக்கமெண்டது வரைக்கும் சொன்ன மனுசி, அதை மட்டும் சொல்லேல்ல. ரெண்டு சின்னக் கட்டிலாப் போடும்.

வாடகைக்கு வாற ஆளோ? சீச்சீ. பிளான் பிடிச்சா வெள்ளிக்கிழமை எங்களுக்கு எழுத்து. கலியாணம் பதியிற எழுத்துத்தான், வேறென்ன. ஏன் வாயைப் பிளக்கிறீர், அறுபத்திரண்டு ஒரு வயசே?

இல்லை, இல்லை, கட்டிலை ஒட்டவைக்காதையும். நடுவில ஒரு கை போற அளவு விடும். மிச்சத்தை அவ வந்து தள்ளட்டும்.