நடுவில் மூன்று இடம்

பொம்பர் வருகிறது, குண்டு போடும் விமானம். முதலில் தெற்கே இரைச்சல். பிறகு தலைக்கு மேல். யாழ்ப்பாணம், 1990. பள்ளிக்கூட மண்டபம். வாணி விழாவுக்கு எட்டுப் பிள்ளைகள் ஒத்திகையில். நான் தாளம் போடுகிறேன்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்தினேன். படுத்தார்கள். விசில் போல ஒரு நீண்ட சத்தம். வெடி. பிறகு ஓடுகள் சரியும் சத்தம் மட்டும். கூரை நடுவில்தான் விழுந்தது. நடு வரிசையில் மூன்று பிள்ளைகள். மூவரும் எழும்பவில்லை. ஓரத்தில் என் மகள் மீரா. ஒன்பது வயது. அவள் எழுந்து நின்றாள். சலங்கை குலுங்கியது.

பேசாலையில் படகு ஏறினோம். மீராவும் நானும். வீட்டைப் பூட்டிவிட்டு வருவதாகக் கணவர் சொன்னார். வரவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம், மண்டபம் முகாம். அங்கிருந்து மதுரைக்குக் கிழக்கே, திருவாதவூர் முகாம்.

சிறு வயதிலிருந்து மேடையில் ஆடியவள் நான். பிறகு நடனம் அமைப்பவள். முகாமில் சித்தாள். மாலையில் மட்டும், மீராவையும் சேர்த்து ஐந்து பிள்ளைகளுக்குப் பழைய ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

1994. பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு ஆடக் கேட்டார்கள். நன்றாக நடந்தால் மதுரைப் பள்ளிகளிலும் சொல்லிவிடுவதாக விழா நடத்துபவர் சொன்னார். என் தொழில் திரும்பக் கிடைக்கும். ஒத்திகை பார்க்க வந்தார். சிரித்தார்.

"என்ன டீச்சர், நடுவுல இம்புட்டு எடம் சும்மா கெடக்கு? மாடு கட்டலாம் போல. நம்ம ஊர்ப் புள்ளைக மூணு பேரை நிப்பாட்டுங்க."

அப்போதுதான் பார்த்தேன். எட்டுப் பேர் ஆட்டத்தை அப்படியே கற்றுக்கொடுத்திருக்கிறேன். செத்த பிள்ளைகளின் இடங்களை விட்டுவிட்டு. ஐவரும் அவற்றைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள்.

மீராவுக்கு முன்பே தெரியும். "அதிலை ஆளை விடாதேங்கோ அம்மா. அது சுகந்தியக்கான்ரை இடம்."

எனக்கு மேடை வேண்டும். ஊர்ப் பிள்ளைகளை நிறுத்தினேன்.

திருவிழா. வெயில் இறங்கும் நேரம். பாதி ஆட்டம். மதுரையில் இறங்கப் போகும் விமானம் தாழப் பறக்கிறது. இரைச்சல்.

"பொம்பர்! படு! படு!"

மீரா கத்துகிறாள். சுகந்தியின் இடத்தில் நின்ற பிள்ளையைப் பிடித்துத் தள்ளுகிறாள். அது மேடையிலிருந்து கீழே விழுந்தது. கை முறிந்தது. மற்ற முகாம் பிள்ளைகள் குப்புறக் கிடந்தார்கள். கூட்டம் கைதட்டியது. ஆட்டம் என்று நினைத்து. விழுந்த பிள்ளையின் தாய் அலறும் வரை.

"போதும் டீச்சர். வேன்ல ஏறுங்க. ஆளுக உங்க மேல திரும்புறதுக்குள்ள போயிருங்க." விழா நடத்துபவர்தான்.

பிறகு யாரும் கூப்பிடவில்லை. மீரா சலங்கை கட்டவில்லை. இப்போது அவளுக்கு இருபத்தொன்று. வானம் இரைந்தால் இன்றும் வேலையைப் போட்டுவிட்டு அவளைத் தேடி ஓடுகிறேன்.

மறக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். சுகந்தி. வதனி. தயாளினி. கணவர், தகவல் இல்லை. ஒரு வீடு. ஒரு தொழில். கை கோணலாகவே கூடிய ஓர் ஊர்ப் பிள்ளை.

மீரா உயிரோடு இருக்கிறாள். அவளை இழந்த பக்கத்தில் எழுதுவதா, மிஞ்சிய பக்கத்தில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.