மச்சான் மிதித்த வெளிச்சம்

முட்டை வேகவைக்கும்போது தண்ணீர் கொதித்ததுமே அடுப்பை அணைத்துவிடலாம், ஐயா. மூடி போட்டு வைத்தால் மிச்சச் சூட்டிலேயே வெந்துவிடும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருவராவது கேட்கவேண்டுமே. அப்புறம் உலகம் இப்படிச் சூடாகிறதே என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் கேட்டது என் மச்சானைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். நாலாவது மாடியில் குடியிருக்கிறோம். நானும் மனைவியும் மட்டும் இருந்தவரை, குளித்த தண்ணீர் தரை துடைக்க, துடைத்த தண்ணீர் கழிவறைக்கு என்று குடித்தனம் சீராக ஓடியது. அப்போதுதான் அவள் தம்பி, வேன் ஓட்டும் வேலை போய், பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியும் கையுமாக வந்து நின்றான். தங்கமான பையன். ஆனால் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பான். யோசித்துவிட்டுத் திறந்தால் என்ன குறைந்துவிடும்? பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் லிஃப்ட் நின்றுபோய், மாடிப்படி ஏறி வந்தான்.

"மூச்சு வாங்குது மாமா."

நான் அவன் மார்பில் காதை வைத்துப் பார்த்தேன். எந்த மோட்டாரானாலும் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். அவனுடையது புத்தம் புதிதாக ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ள பெல்ட் லூசா இருக்குடா," என்றேன்.

"ஐயையோ, இப்ப என்ன பண்றது மாமா?"

"காலை ஆட்டிக்கிட்டே இருக்கணும். விட்டா ரத்தம் தேங்கிடும்."

அந்த வாரமே ஸ்டோர் ரூமில் ஒரு பழைய சைக்கிளை நிறுத்தி, கழித்துப்போட்ட மோட்டார் ஒன்றையும் பேட்டரியையும் அதில் இணைத்தேன். அவன் உடம்புக்காக அவன் மிதித்தான். வீட்டுக்குக் கரண்ட் வந்தது. புகை இல்லை, பில் இல்லை. பத்து நாள் என்று வந்தவன் மூன்று வருடம் இருந்தான். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எந்த வீட்டு மாப்பிள்ளை இப்படி வைத்துக்கொள்வார், சொல்லுங்கள்.

கீழே ரொட்டிக் கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு அவன்மேல் ஆசை. அவனுக்கும்தான். கல்யாணம் செய்துகொண்டு அவளோடு போய்விடுவதாக இருந்தான். நான் கடைக்குப் போய், அவனுக்கு இதயத்தில் கோளாறு, அதிக நாள் தாங்கமாட்டான் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கட்டும்ண்ணா, இருக்கிற வரைக்கும் நான் பாத்துக்கறேன்," என்றாள்.

நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அவள் வீட்டில் ஏது சைக்கிள்? அதனால் மேலே வந்து, அவளுக்கு உன்மேல் விருப்பம் விட்டுப்போய்விட்டது என்று இவனிடம் சொன்னேன். இவன் அழுதுகொண்டே மிதித்தான். அன்றைக்கு வெளிச்சம் வழக்கத்தைவிடப் பிரகாசமாக இருந்தது.

போன மாதம் அவனுக்குக் கால் வீங்கி, முகம் வெளுத்துவிட்டது. மனைவி நச்சரித்ததால் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"இதயம் ரொம்பத் தளர்ந்துபோச்சு. இனிமே படுக்கையை விட்டே இறங்கக் கூடாது. அசையவே விடாதீங்க."

மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். அந்த மாதம் பார்த்து ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் அவளிடம் வந்திருந்தது. தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, விளக்கு என்று எல்லாம் ஒரே நேரத்தில். என் நிலைமையையும் பாருங்கள்.

"என்ன மாமா சொன்னாரு?" என்று பயந்துபோய்க் கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் வேகமா மிதிக்கணுமாம்டா."

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கு மங்கியது. நான் முதலில் பல்பைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். பிறகுதான் ஸ்டோர் ரூமுக்குப் போனேன். ஹேண்டில்மேல் சாய்ந்திருந்தான். அழுதேன், ஐயா. பெற்ற பிள்ளை போனதுபோல் அழுதேன்.

டாக்டர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. இல்லாத நோயைச் சொல்லி அவனை ஏற்றினேன். வந்த நோயைச் சொல்லாமல் இறங்கவிடாமல் வைத்தேன். அவனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். தாளின் இரண்டு பக்கமும் எழுதுங்கள், ஒரு பக்கம் வீணாகப் போகிறது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, எனக்கும் படபடன்னு வருது. தம்பிக்கு வந்தது எனக்கும் இருக்குமோ?"

கூடப்பிறந்தவர்களுக்கு வருவதுதான், பயப்படாதே என்று ஆறுதல் சொன்னேன்.

காலையில் உங்கள் ஆட்கள் வாசலில் வந்து கூப்பிட்டபோது அவள் ஸ்டோர் ரூமுக்குள் இருந்தாள். இப்போது சாயங்காலம் ஆகிவிட்டது, இல்லையா? பரவாயில்லை, ஆற அமரக் கேளுங்கள். நான் போய்ச் சொல்லாமல் அவள் இறங்கமாட்டாள்.