நான்காவது அண்டா

ஓடுகிறேன். கையில் அகப்பை. எதற்கு அகப்பை என்று கேட்காதீர்கள். குண்டு வந்தால் அதைக் கிண்டிவிடலாம் என்று நினைத்திருப்பேன்.

முதலில் தூரத்தில் ஒரு "டொப்". யாரோ கதவைச் சாத்தினது மாதிரி. அப்புறம் தலைக்கு மேலே துணி கிழிகிற சத்தம். அப்புறம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தரை எழும்பி விழுந்தது. இரண்டாவது குண்டு இந்தப் பக்கம்.

மலாய்க்காரக் கம்பத்து ஊர்ப் பெரியவர் ஹாஜி சாலே கத்துகிறார். "தியாராப்! தியாராப்!" படு என்று அர்த்தம். காய்கறி பயிர் போடும் சீனன் ஆ ஹோக் கத்துகிறான். "ச்சாவ்!" ஓடு என்று அர்த்தம். நான் யார் மனதையும் நோகடிக்கவில்லை. படுத்தபடியே ஓடினேன்.

ஆற்றோர நிப்பாப் பனை ஓலைக்கு அடியில் கிடக்கிறேன். சேறு. மூக்கு மட்டும் வெளியே. முருகா என்றேன். மாதாவே என்றேன். அல்லா என்றேன். ஆ ஹோக் வீட்டுச் சிவப்புப் பலகைச் சாமியின் பெயர் தெரியாது. பெயர் இல்லாமலே கும்பிட்டேன். சாமுவேல் ஐயா வருஷக்கணக்காகப் படித்த சமய ஒற்றுமையை அன்றைக்கு நான் தனியாளாக முடித்துவிட்டேன்.

அவரைச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் எழுதுகிறேன்.

சாமுவேல் தம்பிராசா. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி, கணக்குப் பார்ப்பவர். மகனையும் கிராணி ஆக்கப் பார்த்தார். மகன் கல்கத்தாவுக்குப் போய்ச் சமயங்களைப் படித்துவிட்டு வந்தார். ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரே கேள்வி. வேறு வேறு சாமி கும்பிடுகிறவர்கள் அடித்துக்கொண்ட பிறகு எப்படிச் சமாதானம் ஆகிறார்கள்? கோலாலம்பூரில் பாடம் நடத்தினார். கட்டுரைகள் எழுதினார். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு மலாயாவில் அவசரகாலம் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே திரும்பினார். "படிச்சதுக்கு இப்பதான் வேலை வந்திருக்கு ஐசே" என்றார். நான் தோட்டத்து லோரி டிரைவர். அவரையும் ஏற்றிக்கொண்டு சுற்றினேன்.

அவர் கண்டது இதுதான். கூட்டம் போட்டுச் சாமியைப் பற்றிப் பேசினால் சண்டை கூடுகிறது. ஒரே சட்டியில் சாப்பிட்டால் குறைகிறது. ஆனால் யார் சட்டி? ஒருத்தர் சட்டியில் பன்றி வெந்திருக்கும். இன்னொருத்தர் சட்டியில் மாடு வெந்திருக்கும். அதனால் புது அண்டா. கடையிலிருந்து நேரே வர வேண்டும். எல்லார் கண் முன்னாலும் காகிதத்தைப் பிரிக்க வேண்டும். வெறும் காய்கறிச் சோறு. சாப்பிட்ட பிறகு அண்டா அந்த ஊருக்கே சொந்தம். இப்படி மூன்று ஊரில் மூன்று அண்டா. மூன்று சமாதானம்.

"ஐயா, இது படிப்பா, பாத்திர யாவாரமா?" என்று கேட்டேன்.

"ரெண்டிலயும் லாபமில்லை ஐசே. நீர் லோரியைப் பார்த்து ஓட்டும்."

நான்காவது அண்டாவுக்குக் காரணம் யூசோப். ஹாஜியின் தங்கை மகன். காவல் வேலை. தோட்டத்து ரோட்டில் காட்டுக்காரர்கள் மறைந்திருந்து அவனைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்களுக்குச் சோறு போட்டது ஆ ஹோக் மாதிரி ஆற்று வளைவில் குடியிருக்கும் சீனர்கள்தான் என்று கம்பத்து இளவட்டங்கள் சொன்னார்கள். கொளுத்துவோம் என்றார்கள். ஹாஜி தடுத்து நிறுத்தியிருந்தார்.

ஆ ஹோக்கிடம் ஐயா நேரிலேயே கேட்டார். அவன் மறைக்கவில்லை. "ராத்திரி துப்பாக்கியோட வந்து அரிசி கேக்குறான். இல்லைன்னு சொல்லிப் பாரு லா."

இதை ஐயா போய் ஹாஜியிடம் சொன்னார். ஹாஜி பதில் சொன்னார். "அவன் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடட்டும். அதுக்கப்புறம் ஒரு பையனும் நெருப்பு எடுக்க மாட்டான்."

அந்த ஒரு சாப்பாடு. அது நடந்தால் வளைவில் வீடுகள் நிற்கும். நடக்காவிட்டால் எரியும்.

காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று, அப்போது தோட்டத்து முள்வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போனாலும் ஜெயில். ஐயா போலீசுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். போலீஸ் சரி என்றது. பீரங்கி பட்டாளத்துக்காரர்கள் கையில் இருந்தது. அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை. ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டினோம். தோட்டத்தில் மத்தியானச் சங்கு ஊதி அடங்கியது. எங்கள் கூலி லயத்து அரிசி. ஆ ஹோக்கின் பயற்றங்காய். ஹாஜி வீட்டுத் தேங்காய்ப் பால். ஹாஜி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துத் தாடியைச் சரி செய்தார். "சட்டியா, கண்ணாடியா?" என்றார். ஆ ஹோக்கின் மனைவி மெய் சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

காற்று இல்லை. புகை நேரே மேலே போனது. சின்ன விமானம் ஒன்று ர்ர்ர் என்று சுற்றியது. மறுபடி சுற்றியது. பிள்ளைகள் கையாட்டினார்கள். நான் அகப்பையை ஆட்டினேன்.

சோறு வெந்திருந்தது. இலை போடவில்லை. அப்போதுதான் அந்த "டொப்".

சேற்றில் என் பக்கத்தில் ஐயா. கண்ணாடி இல்லை. தலையைத் தூக்கி அடுப்பைப் பார்க்கிறார். "புகை! புகையைப் பார்த்துக் காட்டுக்காரர் எண்டு அடிக்கிறாங்கள்! நெருப்பை அணையுங்கோ!"

யாரும் எழவில்லை. நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவர் எழுந்தார். வாளியைத் தூக்கினார். ஊற்றினார். ஸ்ஸ்ஸ் என்றது. வெள்ளையாக ஆவி கிளம்பியது. முன்னைவிடப் பெரிதாக.

மூன்றாவது குண்டு.

பிறகு சத்தமே இல்லை. பிறகு ஒரு நாய். பிறகு பேச்சு. சீனன்தான் விமானத்துக்குச் சைகை காட்டினான் என்றது கம்பம். மொத்தமாகக் கொல்லத்தான் ஹாஜி கூப்பிட்டார் என்றது வளைவு. ஹாஜி தன் தம்பி காசிமின் உடலை மடியில் வைத்துக்கொண்டு இல்லை, இல்லை என்றார். இரண்டு பக்கமும் கேட்கவில்லை. எங்கள் லயத்திலும் கேட்டார்கள். "டிரைவரே, நீ மட்டும் எப்படிப் பொழைச்ச?" பயந்து, என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் பதில்தான் சொன்னேன்.

சாயந்திரமே வளைவு எரிந்தது. மூங்கில் வெடித்த சத்தத்துக்கு நான் மறுபடி கட்டிலுக்கு அடியில் போனேன். மிஞ்சிய சீனர்களை அரசாங்கத்தின் கம்பிவேலிப் புதுக்கிராமத்துக்கு ஏற்றிப் போனது என் லோரி. ஆ ஹோக் முன்னால் உட்கார்ந்து வந்தான்.

கணக்கு இது.

செத்தவர்கள்: சாமுவேல் தம்பிராசா. மெய். ஹாஜியின் தம்பி காசிம். எங்கள் லயத்து ரப்பர்ப் பால்மரம் வெட்டும் அஞ்சலை.

எரிந்தது: வளைவில் இருந்த எல்லா வீடும்.

அண்டா நான்கு. முதலாவது எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடையில், கள் ஊற்றி வைக்க. இரண்டாவது புதுக்கிராமத்தில், பன்றிக்குத் தீனி காய்ச்ச. மூன்றாவது இன்னொரு கம்பத்தில், கல்யாணத்துக்கு மாட்டிறைச்சி சமைக்க. யாரும் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. அவரவர் பாத்திரம். ஒருத்தர் பாத்திரத்தில் இனி இன்னொருத்தர் கைவைக்க முடியாது.

நான்காவது என் வீட்டில், கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஒரு கீறல் இல்லை. அதில் ஒரே ஒரு முறை சோறு வெந்தது. யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை.