பட்டி வைத்து அடைக்கப்பட்ட மூச்சுத் துளை

பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவை இத்தாளின் தலைப்பில் நான் கூறியவாறே உள்ளன. வயது நாற்பத்தேழு. தொழில் என்ற இடத்தில் எழுத்தர் முதலில் "பட்டறை உதவியாளர்" என்று எழுதினார். அதை அடித்துவிட்டு "கேரவன் வண்டிகளின் எரிவாயு இணைப்புகளைப் பொருத்திச் சோதிப்பவர்" என்று எழுதுமாறு கேட்டுக்கொண்டேன், அவ்வாறே எழுதப்பட்டது. நான் எட்டாம் வகுப்பு வரை பயின்றவள். ரெகுலேட்டருடன் வரும் விளக்கத்தாள்களை அகராதி துணையுடன் படித்தும், பழுதானவற்றைப் பிரித்துப் பார்த்தும் இத்தொழிலைக் கற்றேன். பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே பட்டறையில் பணிபுரிகிறேன்.

சென்ற மாதம் நான்காம் தேதி முற்பகல், புகார்தாரர் தமது கேரவனை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய மனைவியும் உடன் வந்திருந்தார். அடுப்பின் தீ சிறுத்து எரிவதாகக் கூறினார்கள். நான் வண்டியின் முன்புறமுள்ள சிலிண்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, பழைய ரெகுலேட்டர் தேய்ந்துவிட்டதை அறிந்து, அதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினேன். அதன் பிறகு, நிறமேற்றிய நீர் நிரப்பிய வளைகுழாயை அடுப்பின் இணைப்பில் மாட்டி அழுத்தத்தை அளந்தேன். அடுப்பும் குளிர்பெட்டியும் எரியும்போது நீர் பதினோரு அங்குலத்தில் நின்றது. அனைத்தையும் அணைத்த பின் அரை அங்குலம் மட்டுமே ஏறி, அங்கேயே அசையாது நின்றது. அதன் பிறகு இணைப்புகள் அனைத்திலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழும் எழவில்லை.

ரெகுலேட்டருக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. கேஸ் மிகும்போது அது மேலெழுந்து வழியை அடைக்கும், குறையும்போது கீழிறங்கித் திறக்கும். சவ்வுக்கு மேலேயுள்ள காற்று போய்வருவதற்காக உடலில் ஒரு சிறு துளை உண்டு. நான் அதை மூச்சுத் துளை என்பேன். மழைநீர் புகாதிருக்க அத்துளை தரையைப் பார்த்திருக்குமாறு பொருத்தினேன். அதன் பிறகு, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மூடியிலிருந்து ரெகுலேட்டரின் உடல் வரை சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தேன். மூடியை எவரேனும் திருப்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். இதை எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பட்டறையில் சிலர் "அக்கா ரெகுலேட்டருக்கும் பொட்டு வச்சு அனுப்புறாங்க" என்று கேலி செய்வதுண்டு. செய்யட்டும்.

ஒப்படைக்கும்போது, அத்துளையை ஒருபோதும் அடைக்கக்கூடாது என்று புகார்தாரரிடம் தெளிவாகக் கூறினேன். அவர் கைபேசியைப் பார்த்தவாறே தலையசைத்தார். அவருடைய மனைவி வண்டியின் படியில் நின்றபடி, "அது எதுக்கும்மா, அந்த ஓட்டை?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் புகார்தாரர், "உனக்கெதுக்கு அதெல்லாம்? ஏறு, கெளம்பணும்" என்றார். நான் அடுத்த வண்டிக்குச் சென்றுவிட்டேன்.

இருபத்துமூன்றாம் தேதி நண்பகல், ஏரிக்கரையில் வெயிலில் நிறுத்தப்பட்டிருந்த அவ்வண்டியில் அந்த அம்மாள் அடுப்பைப் பற்றவைத்தபோது, தீ ஒரு முழம் எழுந்து திரைச்சீலையைப் பிடித்தது. அவருடைய வலக்கை மணிக்கட்டு வரை வெந்தது, முன்னெற்றி முடியும் கருகியது.

மறுநாள் காலை நானும் பட்டறை முதலாளியும் வண்டியைப் பார்க்கச் சென்றோம். சிலிண்டர் பெட்டியும் அதனுள் இருந்த அனைத்தும் புதிய சாம்பல் நிறத்தில் பளபளத்தன. ரெகுலேட்டரின் அடியில் விரலை வைத்துத் தடவினேன். துளை இருந்த இடம் வழவழப்பாக இருந்தது. அங்கிருந்த புகார்தாரரின் மைத்துனர் பெருமையுடன், "நான்தாங்க பெயிண்ட் அடிச்சேன். கேஸ் வீணாப் போற ஓட்டைன்னு நெனச்சு பட்டி வச்சு இழைச்சு அடைச்சேன். தெரியுதா பாருங்க?" என்றார். தெரியவில்லை. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. உள்ளே சிக்கிய காற்று வெயிலில் சூடேறிச் சவ்வை அழுத்தியதால் அடுப்புக்குத் தாங்காத கேஸ் சென்றிருக்கிறது என்று அவர்களுக்கு விளக்கினேன். மைத்துனரின் முகம் மாறியது. அன்று மாலையே, நான் துளையில்லாத பழுதான ரெகுலேட்டரைப் பொருத்தியதாகவும், திருகைத் தவறாக முறுக்கியதாகவும் புகார் அளிக்கப்பட்டது.

அதன் பிறகு முதலாளி என்னை அழைத்து, கவனக்குறைவு நேர்ந்ததாக ஒரு தாளில் ஒப்பமிடச் சொன்னார். "ஒரு கையெழுத்துதானேம்மா. பொம்பளைன்னு எச்சரிச்சு விட்டுடுவாங்க" என்றார்.

"பொம்பளைன்னு விடுறவங்க, பொம்பளைன்னு பிடிக்காமலே இருந்திருக்கலாமே அண்ணே" என்றேன்.

"உன் வாய் இருக்கே... லைசென்சே போயிடும், பாத்துக்க."

"போனா என் கையால போகட்டும். அவர் மைத்துனர் கையால ஏன் போகணும்?" என்று கூறிவிட்டு வந்தேன்.

கைப்பற்றப்பட்ட ரெகுலேட்டர் இக்காவல் நிலையத்தின் மேசைமேல் துணிப்பையில் உள்ளது. நான் அதைத் தொடவில்லை, தொடவும் மாட்டேன். தகுதியுள்ள எவரையேனும் கொண்டு திருகின் மூடிமேலுள்ள சாம்பல் நிறத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டுகிறேன். அதன் கீழே என் சிவப்புக் கோடு முறியாமல் இருக்கும். பெயிண்ட் மேலே, என் கோடு கீழே என்றால், யாருடைய வேலைக்குப் பின் யாருடைய வேலை நடந்தது என்பது விளங்கும். அடிப்பக்கம் சுரண்டினால் பட்டியும், பட்டிக்கு உள்ளே துளையும் இருக்கும். கோடு விலகியிருந்தாலோ, துளை இல்லாதிருந்தாலோ, எனக்குரிய தண்டனையை மறுபேச்சின்றி ஏற்பேன்.

என் தரப்பில் தவறு ஏதும் உண்டா என்று அதிகாரி கேட்டார். ஒன்று உண்டு என்றேன். அடுப்பைப் பற்றவைக்கிறவர் அந்த அம்மாள். கேள்வி கேட்டவரும் அவரே. நான் தலையசைத்தவரிடம் கூறிவிட்டு, கேட்டவருக்குப் பதில் கூறாமல் சென்றேன். கூறியிருந்தால், மைத்துனர் பட்டியைக் குழைக்கும்போதே அவர் தடுத்திருப்பார். இது எந்தச் சட்டப்பிரிவில் வரும் என்று எழுத்தர் கேட்டார். எதிலும் வராது, ஆயினும் எழுதுங்கள் என்றேன். நேற்று மருத்துவமனைக்குச் சென்று, கட்டுப்போட்ட கையோடு இருந்த அவரிடம், அந்தத் துளை எதற்கு என்பதை ஆரம்பத்திலிருந்து விளக்கிவிட்டு வந்தேன்.

இவ்வாக்குமூலத்தை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டிய பின், நானும் ஒருமுறை வாசித்தேன். "கவனக்குறைவால்" என்று நான் கூறாத சொல் ஓரிடத்தில் இருந்தது. அதை அடிக்கச் செய்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மீதமுள்ள ஒவ்வொரு சொல்லும் என்னுடையது, நடந்தது. கைரேகைக்காக மைப்பெட்டி என் முன் நகர்த்தப்பட்டது. அதைத் திருப்பி நகர்த்திவிட்டு, என் சொந்தப் பேனாவால் முழுப் பெயரையும் எழுதிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)