ஊர் ஆடிய மறுநாள்

— காலை எடுத்த பிறகும் மிஷின் நிக்கலடா தம்பி. அதான் சங்கதி.

— மிதியிலேருந்து காலை எடுத்தா நிக்கணுமேக்கா.

— நிக்கணும்ல? நிக்கல. பள்ளிக்கூடத்துச் சட்டைக்குக் காலர் வச்சுத் தச்சுக்கிட்டிருக்கேன், ஊசி கோணல்மாணலா ஓடுது. மோட்டாரு போல்ட்டு கழண்டிருச்சுன்னு நெனச்சு அதைத்தான் திட்டுனேன். நிமிந்து பாத்தா பக்கத்து மிஷினும் ஆடுது. அதுல ஆளே இல்ல.

— பயந்துட்டியா?

— பயமா? கோவம்தான் வந்துச்சு. மாடி வீட்டுக்காரன் துணி தொவைக்கிற மிஷின் வாங்குன நாள்லேருந்து சுவரு அதிருதுன்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். இன்னைக்கு ரெண்டுல ஒன்னு பாத்துடுறதுன்னு படியேறுனேன். அவன் அங்கேருந்து இறங்கி வர்றான், என் தையல் மோட்டாரு அவன் வீட்ட ஆட்டுதுன்னு சண்டைக்கு. நடுப்படியில ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நிக்கிறோம்.

— பூமிதான் ஆடுதுன்னு ஒருத்தருக்கும் தோணலையா?

— எப்படித் தோணும்? நம்ம ஊர்ல பூமி என்னைக்கு ஆடியிருக்கு? படிக்கட்டு எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு உலுக்கு உலுக்கவும்தான் வாய மூடுனோம்.

— சிரிக்க வைக்காதக்கா. நேத்து ஆபரேஷன் பண்ணுன முட்டியில தையல் இழுக்குது.

— நீ சிரிக்காம கேளு. தெருவுக்கு ஓடி வந்தா, சலூன்லேருந்து ஒருத்தன் பாதி மூஞ்சிக்குச் சோப்பு நுரையோட நிக்கிறான். அவனுக்குச் சவரம் பண்ணிக்கிட்டிருந்தவன் கத்தியக் கையில வச்சுக்கிட்டு அவன் பின்னாலயே ஓடி வந்தானா, பாத்தவங்க எல்லாம் வெட்டுக்குத்துன்னு நெனச்சு மறுபடி வீட்டுக்குள்ள போயிட்டாங்க.

— ஐயோ, உள்ளயா போனாங்க?

— ஆமா பின்ன. கத்திய நம்புனவங்க பூமிய நம்பல. எதிர் வீட்டுப் புருஷன் பொண்டாட்டி காலையிலேருந்து சண்டை. அந்தச் சண்டையோடயே வெளிய வந்தாங்க. பூமி நின்னுருச்சு, அவங்க நிக்கல. மூணாம் வீட்டுப் பெரியவரு தல சுத்துதுன்னு மாத்திரையப் போட்டுட்டுப் படுத்துட்டாரு. அப்புறமா விஷயம் தெரிஞ்சு, சும்மா கெடந்த உடம்புக்கு ஒரு மாத்திரைய வீணாக்கிட்டேனேன்னு ஒரே பொலம்பல்.

— யாருக்கும் ஒன்னும் ஆகலையே?

— ஆண்டவன் புண்ணியத்துல ரெண்டு மூணு சுவத்துல விரிசல், அவ்வளவுதான். ஆனா இப்ப பாக்கணும் நம்ம ஜனங்கள. ஒவ்வொருத்தனும் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரியுறான். எங்க தெருவுலதான் அதிகமா ஆடுச்சுங்கிறான் ஒருத்தன். போடா, எங்க தெருவுல தண்ணித் தொட்டியே கவுந்துச்சுங்கிறான் இன்னொருத்தன். செய்தியில ஊர் பேரு வந்துருச்சில்ல, தாங்க முடியல.

— இருக்காதா பின்ன. ஒரு தடவகூட வராத பேரு.

— அந்தப் பெருமையில விரிசல் விட்ட சுவத்த வெளியூர்க்காரங்களுக்குப் போட்டோ புடிச்சு அனுப்புறாங்கடா. கோயில் கட்டுன மாதிரி.

— போன் எல்லாம் கெடச்சுச்சா?

— எங்க கெடச்சுது. ஊரே ஒரே நேரத்துல கூப்பிட்டா? கெடச்சவங்களும் என்ன பேசுறதுன்னு தெரியாம, உங்களுக்கு ஆடுச்சா, எங்களுக்கு ஆடுச்சுன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. நானும் உன் பொண்டாட்டிக்குத்தான் அடிச்சேன். ஆபரேஷன் தியேட்டர் வாசல்லேருந்து அவளக் கீழ தள்ளிக்கிட்டு வந்துட்டாங்களாம், நீ உள்ள மாட்டிக்கிட்டேன்னு அழுதுக்கிட்டே இருந்தா.

— அவ இப்பத்தான் குளிச்சுட்டு வர்றேன்னு வீட்டுக்குப் போனா. வேற யாருக்குக் கூப்பிட்ட?

— வேற யாரு இருக்கா எனக்கு.

— உனக்கு ஒரு மக இருக்கா.

— அந்தப் பேச்சு இப்ப எதுக்கு? நீ உன் கதையச் சொல்லு. முட்டியத் திறந்து போட்டிருந்த நேரத்துலதான் ஆடுச்சாமே.

— ஆமாக்கா. முப்பது வருஷம் பஸ்ஸுல கிளட்சு மிதிச்ச முட்டி, திறந்த பானட்டு மாதிரி கெடக்குது. முதுகுல ஊசி போட்டதுல இடுப்புக்குக் கீழ இருக்கிறது என்னுதே இல்ல. ஆனா முழிச்சுக்கிட்டு இருக்கேன். நெஞ்சுக்கு நேரா பச்சைத் துணிய திரை மாதிரி கட்டிட்டாங்க. அந்தப் பக்கம் நடக்கிறது காதுல விழும், கண்ணுல படாது.

— அந்தப் பக்கம் யார் யாரு இருந்தாங்க?

— பெரிய டாக்டரு. அவருக்கு வேண்டிய கத்தி கத்திரியெல்லாம் எடுத்துக் குடுக்க ஒரு நர்ஸு. அப்புறம் எடுபிடிக்கு ரெண்டு மூணு பேரு. என் தலமாட்டுல ஸ்டூலு போட்டு மயக்க டாக்டரு. நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு. திடீர்னு பெரிய டாக்டரு, யாருப்பா டேபிள ஆட்டுறதுன்னு ஒரு அதட்டு.

— யாரு என்ன சொன்னா?

— நான் இல்ல சார், நான் இல்ல சார்னு ஆளாளுக்கு வகுப்புல மாட்டுன பசங்க மாதிரி. எனக்கு என்ன பயம்னா, நான்தான் காலை ஆட்டுறேனோன்னு. மரத்துப்போன காலாச்சே, எனக்குத் தெரியாமலே ஆடுதோ என்னமோன்னு நானும் பொதுவா மன்னிச்சுக்கங்க சார்னு சொல்லி வச்சேன்.

— அட கிறுக்கா.

— அப்புறம் தலைக்கு மேல இருக்கிற பெரிய லைட்டு ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பிச்சுது. தட்டுல இருந்த சாமானெல்லாம் கடகடகடன்னு. அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள இருக்குதுக்கா. நடைபாதையில யாரோ, பூமி ஆடுது, ஓடுங்கன்னு கத்துனாங்க. கரண்டு போச்சு. மயக்க டாக்டரு ஸ்டூலோட சரிஞ்சு கீழ விழுந்தாரு. திபுதிபுன்னு செருப்புச் சத்தம், கதவு அடிச்ச சத்தம். எடுபிடிங்க எல்லாரும் காலி.

— உன்ன விட்டுட்டா?

— அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன்க்கா. எனக்குக் கால் இருந்திருந்தா நான்தான் மொத ஆளா ஓடியிருப்பேன். வண்டியில எத்தனை ஆபத்தப் பாத்திருக்கேன், அப்பல்லாம் கையில ஸ்டியரிங் இருக்கும், காலடியில பிரேக் இருக்கும். இங்க ஒன்னும் இல்ல. பாசஞ்சரா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு நேத்துதான் தெரிஞ்சுது.

— டாக்டரு?

— அவரு கெட்டிக்காரரு. திரைக்கு அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் பின்னால அவரு சொல்லித்தான் எனக்கே தெரியும். கத்திய முட்டியிலேருந்து வெளிய எடுத்துட்டாரு. கை தவறி எங்கயாவது குத்திரக் கூடாதில்ல. எடுத்துட்டு, ஆடுற லைட்டு என் மேல விழுந்துடாம ரெண்டு கையாலயும் அதைப் புடிச்சுக்கிட்டாரு. அப்பதான் மேலேருந்து காரை உதிர ஆரம்பிச்சுது.

— காரையா? முட்டி திறந்து கெடக்குதேடா.

— அதான். ஒரு பிடி மண்ணு உள்ள விழுந்தா என் கதை முடிஞ்சுது, கால எடுக்க வேண்டியதுதான்னு பின்னால டாக்டரே சொன்னாரு. அந்த நேரத்துலதான் அந்த நர்ஸு பொண்ணு ஒரு காரியம் பண்ணுனா.

— என்ன பண்ணுனா? சட்டுனு சொல்லு.

— சுத்தமான துணிய எடுத்து முட்டி மேல விரிச்சுட்டு, அதுக்கு மேல அப்படியே குனிஞ்சு நின்னுட்டா. முதுகக் கூரையாக்கிட்டா. என் காலு டேபிள விட்டு வழுக்காம கணுக்கால ஒரு கையால அழுத்திப் புடிச்சுக்கிட்டு.

— குனிஞ்சு எப்படி? முழுசா மறைச்சா மாதிரியா?

— கோழி குஞ்சுங்கள அடைச்சுக்கிற மாதிரின்னு வச்சுக்கயேன். மேலேருந்து காரை தொப்பு தொப்புன்னு விழுற சத்தம் எனக்குக் கேக்குது. ஒரு பெரிய பாளம் விழுந்தப்போ ம்ம்னு ஒரு முனகல் வந்துச்சு அவகிட்டேருந்து. ஆனா நகரல.

— நகரவே இல்லையா.

— இம்மிகூட. நான் மூச்சு வாங்குனது அவளுக்குக் கேட்டிருக்கும்போல. திரைக்கு அந்தப் பக்கமிருந்து, நீங்க பஸ் டிரைவர்தானே, உங்க ரூட்டுல ஸ்டாப்பெல்லாம் வரிசையாச் சொல்லுங்க பாப்போம்னா.

— அந்த நேரத்துலயா?

— அந்த நேரத்துல. இருட்டு வேற. நான் தட்டுத்தடுமாறி ஆரம்பிச்சேன். பழைய டெப்போ, தண்ணித் தொட்டி, ரயில்வே கேட்டு, மில்லு வாசல், பெரிய பள்ளிக்கூடம். ஒன்னு சொல்லி முடிச்சா, அடுத்தது என்னங்கிறா. குரல்ல ஒரு நடுக்கம் இல்லக்கா. டீ குடிக்கிறப்போ பேசுற மாதிரி பேசுறா. என் மூச்சும் மெல்ல மெல்ல ரூட்டுக்கு வந்துருச்சு.

— பெரிய டாக்டரு அப்ப என்ன பண்ணுறாரு?

— லைட்டப் புடிச்சுக்கிட்டுத்தான். அவரும் நான் சொல்ற ஸ்டாப்பக் கேட்டுக்கிட்டு நின்னாரு. அப்புறம் ஆட்டம் நின்னுச்சு. ஜெனரேட்டரு வந்து லைட்டு எரிஞ்சுது. ஆஸ்பத்திரி பூரா காலி, ஒரு ஈ காக்கா சத்தம் இல்ல. டாக்டரு, லைட்டப் புடிச்ச கை வலிக்குதும்மா, கொஞ்சம் இருன்னாரு. அவரும் மனுஷன்தானே. அவ, அவசரமில்ல சார், இவரு இன்னும் கடைசி ஸ்டாப்புக்கு வரலன்னா.

— அப்படியா சொன்னா? அவ வாய் அப்படித்தான் இருக்கும்.

— என்னது?

— அப்படிப்பட்ட பொண்ணுக்கு வாய் அப்படித்தானே இருக்கும்னேன். மேல சொல்லு.

— மயக்க டாக்டரும் எந்திரிச்சு நெத்தியத் துடைச்சுக்கிட்டு வந்து உக்காந்தாரு. காரை விழுந்த துணிய மடிச்சு எடுத்துட்டு, அவங்க ரெண்டு பேரும் மேலங்கி, கையுறை எல்லாம் மாத்தி, சாமானையும் புதுசாப் பிரிச்சு, விட்ட எடத்துலேருந்து வேலைய ஆரம்பிச்சாங்க. இன்னொரு தடவ ஆடுமோன்னு ஊரே மைதானத்துல நிக்குது. இங்க இவ டாக்டரு கை நீட்டுறதுக்குள்ள அவருக்கு வேண்டியத வச்சுக்கிட்டே இருக்கா. முடிச்சு தையல் போட்டதும் டாக்டரு முகமூடிய இறக்கிட்டு, நீ இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியலம்மான்னாரு.

— எல்லார் முன்னாடியுமா சொன்னாரு?

— எல்லாரும் எங்க இருந்தாங்க, ஓடிட்டாங்களே. என் முன்னாடி சொன்னாரு, மயக்க டாக்டரு முன்னாடி சொன்னாரு.

— எல்லார் முன்னாடியும் சொல்லணும்டா. ஊரக் கூட்டி வச்சு மைக்கப் புடிச்சுச் சொல்லணும்.

— நீயே சொல்லிட்ட. அக்கா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே.

— சொல்லு.

— ஸ்டாப்பு சொல்லிக்கிட்டு வந்தேன்ல, பதட்டத்துல ஒன்ன விட்டுட்டேன். அவ உடனே திருத்துனா. பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி முக்குக் கடைய விட்டுட்டீங்களேன்னா.

— சரி.

— முக்குக் கடைய விட்டுட்டீங்களே மாமான்னா.

— ம்.

— முக்குக் கடையில சீருடையோட நின்னு, நான் வண்டிய நிறுத்துறதுக்குள்ள படியில தொத்திக்குமே ஒரு குட்டி. அவதான்க்கா. வார்டுக்கு வந்த பிறகுதான் முகமூடி இல்லாம முகத்தக் கிட்டப் பாத்தேன், அவ நர்ஸானதே எனக்குத் தெரியாது. உன் மகதான்.

— ம்.

— ம் மட்டும் சொல்லாதக்கா. கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்ட விட்டுப் போனா, தப்புதான், மண்டபத்துல உன்னத் தலகுனிய வச்சா. ஓடுகாலின்னு ஊர் சொன்னுச்சு. நீ சொன்ன. உன் கூடச் சேந்து நானும் சொன்னேன். அந்த ஓடுகாலிதான் ஊரே ஓடுனப்போ ஓடல. இனிமே என் எதுக்க அந்த வார்த்தைய எவன் சொன்னாலும் இந்தப் புது முட்டியோட எந்திரிச்சு வந்து கேப்பேன். நீ என் கூடப் பொறந்தவதான், ஆனா நான் இனி அவ பக்கம். என்னக்கா, நான் இவ்வளவு பேசுறேன், நீ பாட்டுக்குச் சிரிக்கிற?

— கத்தாதடா, மெல்லப் பேசு. பக்கத்துத் திரைக்குப் பின்னால காலிக் கட்டில்ல அவதான் குப்புறப் படுத்திருக்கா, இப்பத்தான் கண்ண மூடுனா. நேத்துச் சாயங்காலம் உன்னப் பாக்க வந்தப்போ நீ தூங்கிட்டிருந்த, இவ முதுகப் புடிச்சுக்கிட்டு நடக்கிறதப் பாத்ததும் என் கோவமெல்லாம் போச்சு. முதுகு பூரா கன்னிப்போயிருக்கு, நான்தான் மருந்து தடவி விட்டேன். என்னடி நடந்துச்சுன்னு கேட்டா, ஒன்னுமில்லம்மா, சும்மா நின்னேங்கிறா. அவகிட்டேருந்து அதுக்கு மேல ஒரு வார்த்த வாங்க முடியல, அதான் உன் வாயால கேக்கணும்னு ஒன்னும் தெரியாதவ மாதிரி உக்காந்தேன். ம், அவ குனிஞ்சு நின்ன எடத்துலேருந்து இன்னொரு தடவ சொல்லு.