பூங்காவுக்கு ஒரு கல்

நீங்கள் நேற்று மருத மரத்தடியில் செருப்போடு நின்றீர்கள். போலீஸ்காரர் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை ஐயா.

எதையும் வரிசையாகச் சொல்வது மத்தூர்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தபோது படிந்த பழக்கம். ஓசூரில் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அந்தப் பழைய பூங்காவைக் காக்கும் குழுவுக்கு நான் செயலாளர். தொழிற்பேட்டைச் சாலைக்காக வெட்டுவதற்கு மரங்களுக்கெல்லாம் எண் போட்டுவிட்டார்கள். மனு கொடுத்தோம், கைகோத்து நின்றோம், வக்கீல் ரூபா வழக்கும் நடத்தினார். தோற்றோம்.

அந்த வாரம் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போகும்போதுதான் கவனித்தேன். புதுச் சாலை ஓரிடத்தில் வளைந்து போகிறது. வளைவுக்குள் ஒரு கல், மஞ்சள், விளக்கு. லாரி மோதிச் செத்தவருக்கு நட்டது.

"அதப் பேத்தெடுக்க ஒருத்தனும் கை வெக்கல சார்," என்றார் டீக்கடைக்காரர்.

எங்கள் பூங்காவில் சாமி இல்லை. அதுதான் குறை.

தோட்டக்காரர் கங்கப்பன் மேல் ஊருக்கே பிரியம். வேண்டாதவர் செத்தால் யார் கல் நடுவார்கள்?

மழை விட்டதும் ஆற்றில் ஆலை நுரை பொங்கிப் படித்துறையை மூடிவிடும். அந்த நாட்களில் குறுக்கே கயிறு கட்டுவது எங்கள் குழுவின் வேலை. அன்று நான் கட்டவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் இழுக்கும் குழாய் கழன்றிருக்கிறது, பார் என்று கங்கப்பனிடம் சொன்னேன்.

"படியே தெரியல சார். எறங்குனா வேட்டி தானா வெளுத்துடும், வீட்ல சென்னம்மாவுக்கு ஒரு வேல மிச்சம்," என்று சிரித்தார்.

"நான் சொல்றேன், எறங்குப்பா."

கேட்டுக்கேட்டுத்தான் கால் வைத்தார்.

"இன்னொரு படி இருக்குதுங்களா சார்?"

"இருக்கு," என்றேன். இல்லை.

நுரை மூடிக்கொண்டது. பிறகு கயிற்றைக் கட்டினேன்; வேறு யாரும் விழக்கூடாது அல்லவா.

பர்கூரிலிருந்து கல்லை நானே கொண்டுவந்து அந்த மருத மரத்தடியில் நட்டேன். நட்ட அன்று அவர் மனைவி சென்னம்மா மட்டும், "சாமியாக்கிட்டீங்க சார். சாமி வந்து அடுப்பு மூட்டுமா?" என்றாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

சாலை வளைந்தது. ஒரு மரமும் விழவில்லை. ஓர் இலையைக்கூடக் கிள்ளாதவன் நான் ஐயா.

இப்போது மேற்கு வாசல் பக்கம் பாலத்துக்கு அளக்கிறார்களாம். கேட்டதிலிருந்து உட்கார முடியவில்லை. எழுதிக்கொண்டு என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.

அந்தப் பக்கம் இன்னும் கல் இல்லை.