பெரியவருக்கு மூச்சு முட்டிய காலை

மேகம் போட்ட நாள்ல மீன் கடிக்காதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க சார். நல்லாவே கடிக்கும். வெயில் ஏறினாத்தான் அது அடியில போய்ப் படுத்துக்கும். நீங்க தூண்டில் போடுற ஆளான்னு தெரியல, சும்மா சொல்லி வைக்கிறேன்.

எங்க தூண்டில் சங்கத்து ஏரிக்கு நான்தான் காவலாளி. காவல்னா கேட்ல நிக்கிற வேலை இல்ல. வருஷா வருஷம் வலை போட்டு, எந்த மீன் எவ்வளவு இருக்குன்னு பாத்து, கூடினதைக் கழிச்சு, குறைஞ்சதுக்குக் குஞ்சு விடுற வேலை. சின்ன ஏரி, இருக்கிற தீனி அவ்வளவுதான். மீன் பெருகிப்போச்சுன்னா எல்லாமே தலை பெருத்து, உடம்பு சூம்பி, நோஞ்சானா நிக்கும். கொஞ்சத்தைக் கழிச்சாத்தான் மிச்சம் தேறும். இதுக்கெல்லாம் பாவம் பாத்தா ஏரியை நடத்த முடியாது.

அங்க ஒரு கெண்டை இருந்துச்சு. குஞ்சா நான் விட்டது. எல்லாரும் அதைப் பெரியவர்னுதான் சொல்லுவாங்க. பிடிச்ச மீனை எடை பாத்து, போட்டோ எடுத்து, திரும்பத் தண்ணியிலயே விட்டுடணும்ங்கிறது எங்க சங்கத்து வழக்கம். அந்த வருஷத்துப் பெரிய மீனோட போட்டோவை சங்க அறையில கதவுக்கு நேரா மாட்டுவாங்க. வருஷா வருஷம் அதுல பெரியவரும் நானும்தான். அவர் பெருத்துட்டே போனார், எனக்கு முடி கொட்டிட்டே போச்சு.

சகலையை அங்க கூட்டிட்டு வந்தது நான்தான் சார். என் மனைவியோட தங்கச்சி புருஷன். சைக்கிள் ரிப்பேர் கடையை மூடினதுலேர்ந்து வீட்டுல உம்முனு உக்காந்திருந்தான். ஐயோ பாவம்னு கூப்பிட்டேன். முள்ளுக்கு முடிச்சுப் போடக் கத்துக்குடுத்தது நான். தக்கை எப்ப ஆடினா இழுக்கணும், எப்ப ஆடினா சும்மா இருக்கணும்னு சொல்லிக் குடுத்ததும் நான். முதல் கோடையிலயே ஒரு ரொட்டித் துண்டைக் கோத்துப் போட்டு பெரியவரைத் தூக்கிட்டான். அதுவும் இரவல் தூண்டில்ல.

போட்டோவை மாத்தினாங்க. ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினதும் நான்தான். அவன் கீழே நின்னு, "இடது பக்கம் கொஞ்சம் சாயுதுண்ணே"ன்னான். எனக்கு வயிறு எரிஞ்சுது. இதுல மறைக்க என்ன இருக்கு.

அவன் கெட்டவன்னு நான் சொல்லல. கெட்டவனா இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். எல்லாரும் சாப்பிட உக்காந்தா, "அண்ணன் வளர்த்த மீன், நான் சும்மா தூக்கினேன், அவ்வளவுதான்"பான். என் மாமனார் என் பேச்சைக் காதுல வாங்காம அவன் வாயையே பாத்துட்டு இருப்பார். ஏரிக்கு வந்தப்புறம்தான் இவர் மறுபடி சிரிக்கிறார்னு கொழுந்தியா பூரிச்சுப்போவா. ஒருநாள் பாத்திரம் கழுவிட்டே என் மனைவி சொன்னா, "உங்களுக்கு அது வேலைங்க. அவருக்கு அது கைராசி." நான் துடைச்ச தட்டையே திரும்பத் துடைச்சிட்டு இருந்தேன். அந்தக் கோடை முழுக்கப் பெரியவர் என் இரையை முகர்ந்துகூடப் பாக்கல. அவனுக்கு மட்டும் மறுபடி மறுபடி வந்து மாட்டினார்.

ஏரியில எந்தச் சிக்கல்னாலும் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் கழிக்கிறதுதான். சத்தியமா அவனைக் கழிக்க நினைக்கல. பெரியவர் போயிட்டா போதும்னு நினைச்சேன். நான் விட்ட மீன்தானே.

காத்து வீசாத புழுக்கத்துல தண்ணிக்குள்ள காத்து குறையும். விடியற நேரத்துல ரொம்பவே குறையும். அதுக்காக ஏரி நடுவுல ஒரு மிதவையில மோட்டார் இருக்கு, ராத்திரியெல்லாம் தண்ணியைக் கலக்கி விடும். அது நின்னா பெரிய உடம்புக்குத்தான் முதல்ல மூச்சு முட்டும், சின்னது சமாளிச்சுக்கும். பெரியவர் மட்டும் போவார், பழி வானிலை மேல போகும்னு கணக்குப் போட்டேன். சாயங்காலமே கரையில இருக்கிற மோட்டார் ஷெட்டுக்குப் போய் ஃபியூஸைக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

ஒண்ணை மறந்துட்டேன். முந்தின வாரம்தான் பாசிக்கு மருந்து அடிச்சிருந்தேன். செத்த பாசி அழுகும்போது தண்ணியில மிச்சமிருக்கிற காத்தையும் அது உறிஞ்சிரும். இந்தத் தொழில்ல இருக்கிறவன் மறக்கக் கூடாத விஷயம். பொறாமையில புத்தி மழுங்கிப்போச்சு.

விடிஞ்சதும் மோட்டார் ஷெட்டுக்குள்ள நின்னு பாத்தா, ஏரி முழுக்க வாய். குஞ்சுலேர்ந்து எல்லாமே மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்குது. ஃபியூஸைக் கையில எடுத்துட்டேன் சார், அதை எழுதிக்கோங்க. மாட்டத்தான் போனேன்.

அப்பதான் அவன் போன் பண்ணினான். தூண்டில் போட வந்தவன் எதிர்க்கரையில நிக்கிறான். குரல் உடைஞ்சு போயிருந்துச்சு.

"அண்ணே, மீனெல்லாம் சாகுதுண்ணே. மோட்டார் ஓடல. எங்க இருக்கீங்க?"

"வீட்டுல இருக்கேன். மிதவையில வயர் ஜாயின்ட் விட்டிருக்கும். இறங்கிப் போய்ப் பிரிச்சு மாட்டு. நெஞ்சளவு தண்ணிதான்."

"கரண்ட்டுண்ணே?"

"எல்லாம் ஆஃப்லதான் இருக்கு. நான் சொல்றேன்ல."

அவன் ஷெட்டுப் பக்கம் வந்துரக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். வந்தா என் குட்டு உடைஞ்சிரும். கொஞ்ச நேரம் மிதவைகிட்ட அல்லாடட்டும், கரையேறினதும் ஃபியூஸை மாட்டிடலாம்னு இருந்தேன்.

சட்டையோடவே இறங்கினான். ஜாயின்ட்டைப் பிரிச்சான். அப்பதான் பெரியவர் ஒருக்களிச்சு மிதந்து அவன் பக்கத்துல வந்தார். இவன் வயரை அப்படியே தண்ணியில விட்டுட்டான். ரெண்டு கையையும் அடியில குடுத்து ஏந்தி, வாய்க்குள்ள தண்ணி போகட்டும்னு முன்னயும் பின்னயும் மெதுவா நகர்த்தினான். அதுவும் நான் கத்துக்குடுத்ததுதான். ஏதோ பேசிட்டே இருந்தான், எனக்குக் கேக்கல. கொஞ்ச நேரத்துல வால் அசைஞ்சுது.

ஃபியூஸை மாட்டிட்டேன்.

மீனைக் காப்பாத்துற அவசரத்துல, அவன் தண்ணியில நிக்கிறதைக் கவனிக்கலன்னு முதல்ல உங்ககிட்ட சொன்னேன். கொழுந்தியாகிட்டயும் அதையேதான் சொன்னேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க என்ன மாமா பண்ணுவீங்க"ன்னு அழுதா. பிரிச்ச வயர் தண்ணியில கிடந்தா பக்கத்துல இருக்கிற மீனும் சேந்துதான் சாகும்னு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் நிக்கிறதும் தெரியும், கண்ணு முன்னாடிதானே நின்னான்.

எத்தனை வருஷம் அந்த மீனைப் பிடிச்சிருப்பேன். ஒரு தடவைகூட அது என் கையில துள்ளாம இருந்ததில்ல. அவன் கையில தூங்குற பிள்ளை மாதிரி கிடந்துச்சு சார். அதைக் கீழே விட்டுட்டுப் பேசாம கரையேறியிருந்தான்னா இன்னைக்கு அவன் உயிரோட இருந்திருப்பான். நான் காத்துட்டுத்தானே இருந்தேன்.